1967 மஸ்டாங்கில் கொயோட்டி: டவரை வெட்டுவதா, வைத்திருப்பதா?

ஃபோர்டின் பழைய மஸ்டாங் காரில் புது இன்ஜின் போட நினைப்பவர்கள் என்னிடம் பேச வரும்போது பெரும்பாலும் இன்ஜினை ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள். "அண்ணா, பின்னாடி அடிபட்ட 2014 ஜிடி ஒண்ணு கிடைச்சுது, கொயோட்டி, கியர்பாக்ஸ், ஒயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் முழுசா இருக்கு, இப்ப முன்னாடி என்ன சஸ்பென்ஷன் போடலாம் சொல்லுங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொயோட்டி என்பது இன்றைய மஸ்டாங்குகளில் ஃபோர்டு போடும் 5.0 லிட்டர் வி8 இன்ஜின். அந்த வரிசை தலைகீழ் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வண்டியில் முன்பக்க சஸ்பென்ஷன் தனியாக மாட்டிக் கழற்றும் ஒரு பாகம் இல்லை, அது உடம்பின் ஒரு பகுதி. சக்கரத்திலிருந்து வரும் பாரம் எந்த வழியாகப் போய் எந்தத் தகட்டில் இறங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவுக்குள் அடங்குகிற இன்ஜினைத்தான் அப்புறம் தேடவேண்டும். இன்ஜின் கையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் செலவு கூடும்.

நான் இருப்பது மிஷிகனில், டெட்ராய்ட்டுக்கு வெளியே. என்னிடம் இருப்பது 1967 மஸ்டாங் கூப்பே. ஆகஸ்ட் மாதத்தில் உட்வர்ட் சாலையில் நடக்கும் ட்ரீம் குரூஸ் ஊர்வலத்தை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அதே உட்வர்டை பனி உருகும் மார்ச் மாதத்தில் பார்த்தால் பள்ளம் பள்ளமாக இருக்கும். என் வண்டி ஓடவேண்டிய சாலை அது. கால் மைல் நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கோ காட்சிக்கூடத்துக்கோ வண்டி கட்டுகிறவர்களின் முடிவு வேறாக இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

முதலில் ஃபோர்டு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானபோது அதற்கு அடியில் இருந்தது பெரும்பாலும் 1960இல் வந்த ஃபால்கனின் அடித்தளம். குடும்பங்கள் ஓட்டுவதற்காக, விலையும் எடையும் குறைவாக இருக்கவேண்டும் என்று வடிவமைத்த சிறு கார் அது. தனிச் சட்டம் கிடையாது. மடித்த தகடுகளைப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்து, உடம்பையே சட்டமாக்கிய கட்டுமானம். முன்பக்கத்தில் கீழே ஒற்றை ஆர்ம், அதை முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்க ஒரு ஸ்ட்ரட் ராடு, மேலே குட்டையான ஒரு ஆர்ம். காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது அந்த மேல் ஆர்மின் மீது. ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சார்பர். இரண்டும் மேலே போய் முட்டுகிற இடம்தான் ஷாக் டவர் என்கிற அந்தத் தகட்டுக் கோபுரம், இன்ஜினுக்கு இருபுறமும் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது.

இந்தக் கோபுரத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பலர் யோசிப்பதில்லை. வி8 போட்ட கூப்பே சுமார் 1,300 கிலோ. முன்பக்கம் பாதிக்கு மேல் வரும், ஒரு முன்சக்கரத்துக்கு ஏறத்தாழ 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் மேல் ஆர்மின் நுனியில் இல்லை, ஏறத்தாழ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் இரண்டு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஒரு அங்குலம்தான் அமுங்கும், அதற்கு ஈடாக ஸ்பிரிங் தாங்கவேண்டிய விசை இரண்டு மடங்காகும். அதாவது வண்டி சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு டவரின் தலையையும் கிட்டத்தட்ட 700 கிலோ விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும் அந்தக் கணத்தில் அது இன்னும் பல மடங்கு. ஐம்பது அறுபது வருடம் இப்படி வாங்கிய டவர்களில் மேல் ஆர்ம் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் விழுவதும், இரண்டு டவர்களும் மெல்ல உள்பக்கமாகச் சாய்வதும் இந்த வண்டிகளில் எல்லோருக்கும் தெரிந்த நோய். இரண்டு டவர்களையும் குறுக்கே இணைக்கும் மான்டி கார்லோ பார் வாங்கி மாட்டப் போனால் துளைகள் பொருந்தாமல் நிற்கிறதா, பாரை ராவி உள்ளே திணிக்காதீர்கள். டவர் சாய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. முதலில் டவர்களை அளந்து இழுத்துச் சரி செய்யுங்கள், அப்புறம் பார்.

அதே நேரம் இந்தக் கட்டுமானம் மோசமானது என்று சொல்பவர்களோடும் நான் உடன்படமாட்டேன். டவரிலிருந்து ஃபயர்வாலுக்கு, அதாவது இன்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டுக்கு, சாய்வாக ஒரு பிரேஸ், டவரைச் சுற்றி ஃபெண்டரின் உள்தகடு, கீழே நீளவாக்கில் ஓடும் ஃபிரேம் ரயில். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாக விசையை வாங்கிப் பின்னால் தள்ளுகின்றன. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான வண்டிகளுக்கு ஃபோர்டு அந்த இரண்டு துண்டு பிரேஸுக்குப் பதிலாக ஒரே துண்டாகக் கனமான ஒன்றைப் போட்டார்கள். எக்ஸ்போர்ட் பிரேஸ் என்று இன்றும் விற்கிறார்களே, அது அங்கிருந்து வந்ததுதான். பழைய ஓட்டு வீட்டில் நடுத்தூணைப் பிடுங்குவதற்கு முன்னால் அதன் தலையில் எந்த உத்தரம் உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்போம் இல்லையா, டவரை வெட்டுவதற்கு முன்னால் அப்படிப் பார்த்தே ஆகவேண்டும்.

சரி, டவரை ஏன் வெட்டுகிறார்கள்? கொயோட்டி அகலமானது என்பதால். பாரம் அதிகம் என்பதால்தான் சஸ்பென்ஷனை மாற்றவேண்டியிருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது உண்மை இல்லை. கொயோட்டி முழுக்க அலுமினியம், எடை சுமார் 200 கிலோ. அந்தக் காலத்து மஸ்டாங்கில் வந்த 289 வி8, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, எடையில் கிட்டத்தட்ட இதே அளவு. ஆக முன்பக்கத்துக்குக் கூடுதல் சுமை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வித்தியாசம் தலையில் இருக்கிறது. 289இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அது பிளாக்குக்குள்ளேயே அடங்கிவிடும், மேலே சிறிய ஹெட். 2011இல் வந்த 4,951 சிசி கொயோட்டியில் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு கேம்ஷாஃப்ட்டுகள், 32 வால்வுகள். அத்தனையும் ஹெட்டில் உட்காரவேண்டும், ஹெட்டுகளோ 90 டிகிரியில் விரிந்து நிற்கின்றன. நீளத்தில் அது குட்டைதான், அகலத்தில்தான் முட்டுகிறது, அதுவும் சரியாக டவர் இருக்கும் உயரத்தில்.

1967இல் ஃபோர்டு இன்ஜின் அறையை அகலப்படுத்தினார்கள், 390 என்கிற பெரிய இன்ஜின் உள்ளே போகவேண்டும் என்பதற்காக. முன்சக்கரங்களின் இடைவெளியும் அந்த வருடம் ஏறத்தாழ 58 அங்குலமானது. 1965, 66 வண்டிகளை விட என் வண்டியில் இடம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் டவரைத் தொடாமல் கொயோட்டியை இறக்கமுடியாது.

சக்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1967இல் இரண்டு பேரல் கார்புரேட்டர் போட்ட 289க்கு 200 குதிரைசக்தி என்று எழுதினார்கள். ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்த அந்தக் காலத்துக் கணக்கு அது. 2011 கொயோட்டியின் 412 அப்படி இல்லை, எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. ஆகையால் உண்மையான வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். சக்தி கூடுவதால் முன்பக்கத்துக்கு வரும் பிரச்சினை முடுக்கும்போது வருவதில்லை, நிறுத்தும்போது வரும். அந்த வேகத்திலிருந்து பிரேக்கை மிதிக்கும்போது கீழ் ஆர்மைப் பின்னால் இழுக்கிற விசையை எது தாங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஃபோர்டின் அமைப்பில் அந்த ஸ்ட்ரட் ராடும் அதன் முனையில் இருக்கும் இரண்டு ரப்பர் புஷ்களும்தான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

டவரை வைத்துக்கொள்வது முதல் வழி, அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு மாற்றம் இருக்கிறது. மேல் ஆர்மின் பிவட்டை, அதாவது அது உடம்போடு சேர்ந்து சுழலும் இடத்தை, ஒரு அங்குலம் கீழே இறக்குவது. மஸ்டாங்கை மாற்றி ஷெல்பி நிறுவனம் செய்த 1965 ஜிடி350இல் அதைச் செய்தார்கள், அதனால் ஷெல்பி டிராப் என்று பெயர் வந்துவிட்டது. டவரில் புதிதாகத் துளை போட்டு, அதே ஆர்மைக் கீழே மாட்டவேண்டும், அவ்வளவுதான். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பலன் என்ன? வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலை வெளியே சாயாமல் உள்ளே சாய ஆரம்பிக்கும், டயர் தரையில் முழுசாகப் பதியும். ரோல் சென்டர், அதாவது உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, மேலே வருவதால் வண்டியின் சாய்வும் குறையும். செலவைக் குறைக்க 1966 வண்டிகளில் ஷெல்பியே இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்றாலும், பழைய மஸ்டாங்குக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை என்னவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதோடு ஸ்பிரிங் உட்காரும் பெர்ச்சை ரோலர் பெர்ச்சாக மாற்றி, ஸ்ட்ரட் ராடுக்கு நீளம் கூட்டிக் குறைக்கும் வகை ஒன்று, நல்ல ஷாக், வளைவில் சாய்வைக் குறைக்க ஒரு அங்குலத் தடிமனில் முன் ஸ்வே பார், எக்ஸ்போர்ட் பிரேஸ், எல்லாம் போட்டால் இன்றைய சாலையில் நிதானமாக, நம்பிக்கையோடு ஓட்டலாம்.

அப்படியானால் இன்ஜின்? கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருந்து கம்பிகளால் வால்வைத் திறக்கும் ஃபோர்டின் புஷ்ராடு 5.0, ஃபியூயல் இன்ஜெக்ஷனோடு 1980களிலும் 90களிலும் வந்ததே, அது 289இன் நேரடி வாரிசு. மவுன்ட் முதற்கொண்டு பொருந்தும். நண்பர் ஒருவர் 1966 வண்டியில் அதைத்தான் போட்டிருக்கிறார், ஐந்து கியர் பாக்ஸோடு. குளிர்காலக் காலையில் ஒரே சாவியில் பிடிக்கிறது, நெடுஞ்சாலையில் 70 மைலில் அமைதியாகப் போகிறது. முன்பக்கத்தில் ஒரு தகட்டைக்கூட வெட்டவில்லை. நான் ஓட்டிய பழைய மஸ்டாங்குகளில் வளைவில் மிகவும் நம்பகமாக இருந்தது அந்த வண்டிதான். செவர்லேயின் எல்எஸ் குடும்பமும் புஷ்ராடு என்பதால் அகலம் குறைவு, ஆனால் ஃபோர்டு வண்டியில் அதைப் போட மனசு வராதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

டவரின் உள்பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெட்டி, ஒல்லியாக்கி, குறுகிய காயிலோவர் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் மாட்டிய அமைப்பு) போடுகிற நடுவழி ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. டவர் ஒரு பெட்டி மாதிரி மூடியிருக்கும்வரைதான் அதற்குப் பலம். ஒரு பக்கத்தை வெட்டிப் புதுத்தகடு வைத்து மூடினாலும், முன்பு சொன்ன அந்த இரண்டு மடங்கு விசை அதே உச்சிக்குத்தான் வரப்போகிறது. விசையைக் குறைக்காமல் டவரை மட்டும் குறைப்பது எனக்குச் சரியான வழியாகப் படவில்லை.

மிக அதிகமாக விற்பது மஸ்டாங் டூ வகை. 1974 முதல் 78 வரை வந்த, பின்டோவோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட அந்தச் சிறிய மஸ்டாங்கின் முன்பக்கத்தைப் பார்த்து, பழைய கார்களைச் சக்தி கூட்டி மாற்றும் ஹாட் ராடு கட்டுகிறவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். காரணம் எளிது. மேலும் கீழும் ஆர்ம், நடுவில் காயில், ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், எல்லாமே ஒரே குறுக்குச் சட்டத்தில் அடக்கம். இன்ஜின் அறையின் மேல்பாதி முழுக்கக் காலியாகிவிடும். இன்று விற்கும் கிட்டுகளில் அசல் பின்டோ பாகம் ஒன்றுகூட இருக்காது. அதனால் "அது சின்னக் காரின் சஸ்பென்ஷன், தாங்காது" என்கிற பேச்சை விட்டுவிடலாம். ஆனால் அளவுகள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன, குறிப்பாகச் சக்கரம் மாட்டும் ஸ்பிண்டிலின் உயரம். ஸ்பிண்டில் குட்டையாக இருந்தால், பிரேக்கிலும் வளைவிலும் டயர் தருகிற அதே முறுக்குக்கு மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் கூடுதல் விசையைத் தாங்கவேண்டும், ஏனென்றால் நெம்புகோலின் நீளம் குறைந்துவிடுகிறது. நல்ல கிட் இதை உணர்ந்து மேல் ஆர்ம் மவுன்ட்டைக் கனமாகச் செய்திருக்கும்.

கிட்டுகளைப் பார்க்கப் போனால் விளம்பரப் படத்தில் குரோம் எப்படி மின்னுகிறது என்று பார்க்காதீர்கள். கீழ் ஆர்மின் இரண்டு பிவட்டுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அசல் மஸ்டாங் டூவில் கீழ் ஆர்ம் ஒல்லியானது, பிரேக் விசையை வாங்க அதற்கு ஸ்ட்ரட் ராடு இருந்தது. இன்றைய கிட்டுகள் ஸ்ட்ரட் ராடை எடுத்துவிட்டு முழு முக்கோண ஆர்ம் போடுகின்றன, நல்லது, ஆனால் அந்த முக்கோணத்தின் அடி குறுகலாக இருந்தால் ராடு செய்துகொண்டிருந்த வேலையை இரண்டு சிறு புஷ்கள் செய்யவேண்டியிருக்கும். பட்டறையில் போய்க் கையால் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொன்று, ரேக்கின் அகலம். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் உள்முனை, மேல் ஆர்ம் பிவட்டையும் கீழ் ஆர்ம் பிவட்டையும் இணைக்கிற கோட்டின் மேலோ அதற்கு மிக அருகிலோ இருக்கவேண்டும். டை ராடின் நீளமும் சாய்வும் ஆர்ம்களோடு ஒத்துப்போகவேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான். எங்கள் ஊர்ச் சாலையில் 60 மைல் வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாகப் பக்கத்து லேனை எட்டிப் பார்க்கும். குறுக்குச் சட்டத்தை ஒரு வண்டிக்கென்று அகலப்படுத்திவிட்டு ரேக்கை மட்டும் பழைய அளவிலேயே விடுகிற மலிவான கிட்டுகளில் இது வரும். வாங்கும் முன் விற்பவரிடம் பம்ப் ஸ்டீர் அளவைக் கேளுங்கள், ஒரு அங்குல ஏற்றத்துக்கு டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, எவ்வளவு மாறுகிறது என்று. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் நான் முதலில் சொன்ன கேள்வி அப்படியேதான் நிற்கிறது: பாரம் எங்கே போகிறது? டவர் இருந்தபோது ஸ்பிரிங் விசை மேலே போய், ஃபயர்வாலுக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் பிரிந்துபோனது. டவரை எடுத்துவிட்டுக் குறுக்குச் சட்டத்தை ஃபிரேம் ரயிலில் வெல்டிங் செய்தால், முழு விசையும் ரயிலுக்கு வருகிறது. அந்த ரயில் மடித்த மெல்லிய தகடு, முன்சீட்டுக்கு அடியில் தரைத்தகட்டோடு ஒட்டி முடிந்துபோகிற ஒன்று, பின்பக்க ரயிலோடு அதற்குத் தொடர்பே கிடையாது. முன்பக்கம் மொத்தமும் ஃபயர்வாலில் இருந்து ஒரு பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். நல்ல வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது பானட்டும் ஃபெண்டரும் தனித்தனியாக அதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே டவரை எடுக்கிறவர்கள் ரயிலுக்கு உள்ளேயோ வெளியிலோ கனத் தகடு சேர்க்கவேண்டும், முன் ரயிலையும் பின் ரயிலையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டரை முழு நீளத்துக்கும் வெல்டிங் செய்யவேண்டும், ஃபயர்வாலில் இருந்து முன்னால் போகும் சாய்வுக் கம்பிகளை ஏதோ ஒரு வடிவில் திரும்பக் கொண்டுவரவேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன்.

இந்த இடத்தில் நம்ம அம்பாசடர் ஞாபகம் வராமல் இருக்காது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அந்த வண்டியில் முன்பக்கம் காயிலே கிடையாது, டார்ஷன் பார்தான். கீழ் ஆர்மில் இருந்து பின்னோக்கிப் போய்த் தரைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் முடிகிற நீளமான கம்பி, முறுக்கேறி முறுக்கேறித் திரும்புவதுதான் அதன் ஸ்பிரிங் வேலை. இன்ஜின் அறைக்குள் ஸ்பிரிங்குக்கென்று கோபுரம் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த ஐம்பதுகளின் உடம்புக்குள் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜினை வைத்தபோது முன்பக்கத்தின் அடிப்படையை மாற்றவேண்டி வரவில்லை. அமெரிக்காவிலும் கிரைஸ்லர் 1957இல் இருந்து டார்ஷன் பார் போட்டவர்கள். அந்தக் காலத்து கிரைஸ்லர் காரான டாட்ஜ் டார்ட்டில் புது ஹெமி வி8ஐ இறக்குகிறவர்களுக்குத் தலைவலி வேறு இடங்களில் வரும், ஆனால் ஸ்பிரிங் டவர் என்கிற பேச்சே கிடையாது. ஸ்பிரிங் எங்கே படுத்திருக்கிறது என்பது அறுபது வருடம் கழித்து எந்த இன்ஜின் உள்ளே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது, அதை வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். எனக்குக் கொயோட்டிதான் வேண்டும் என்று மனசு முடிவு செய்துவிட்டது, 6,500 ஆர்பிஎம்மில் அந்த இன்ஜின் போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. இந்த உடம்பும் ஆறு சிலிண்டரோடு வந்த சாதாரண கூப்பே, வலது டவரில் ஏற்கெனவே விரிசலும் துருவும் இருந்தன, அசலாகக் காப்பாற்றவேண்டிய அபூர்வ வண்டி இல்லை. அதிக சக்தியுள்ள கே கோடு 289ஓ, ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த அசல் ஜிடிஏவோ மாதிரி அபூர்வ வண்டியாக இருந்திருந்தால் டவரைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆக, டவரை எடுப்பது என்று ஆனது. அதற்கு மேல் மஸ்டாங் டூவா, முழு சப்ஃபிரேமா என்பதுதான் கேள்வி.

முழு சப்ஃபிரேம் என்றால், டெட்ராய்ட் ஸ்பீட் செய்கிற அலுமா-ஃபிரேம் போல, ஆர்ம்களுக்கும் ரேக்குக்கும் காயிலோவருக்கும் இடம் வைத்தே செய்த ஒரு தொட்டில். ஸ்பிண்டில் உயரமானது, பிவட்டுகள் இந்த வண்டிக்கென்றே கணக்குப் போட்டு வைத்தவை, ரேக் அதற்குப் பொருத்தமான அகலத்தில். விலை மஸ்டாங் டூ கிட்டைவிடப் பல ஆயிரம் டாலர் கூடும். நான் இந்த வகையைத்தான் தேர்ந்தெடுத்தேன், காரணம் தொட்டிலின் பளபளப்பு இல்லை. ரயிலோடு அது நீளமாக, பல போல்ட்டுகளில் சேர்கிறது, விசை ஒரு புள்ளியில் குவியாமல் பரவுகிறது. மஸ்டாங் டூ கிட்டை எடுத்து, ரயிலைப் பலப்படுத்தி, சாய்வுக் கம்பிகளை நாமே செய்து, ஒரு நல்ல வெல்டர் பொறுமையாக உட்கார்ந்தால் அதே அளவு உறுதியைக் குறைந்த பணத்தில் கொண்டுவரலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெல்டிங்கில் என் கை அவ்வளவு தேர்ந்தது இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட இணைப்பை அதை நம்பி விட நான் தயாராக இல்லை.

ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்கவேண்டும் என்பதில் நிறையக் குழப்பம் நடக்கிறது. பழைய அமைப்பில் ஒரு அங்குலத்துக்கு 600 பவுண்டு ஸ்பிரிங் போட்டிருந்தவர், புது காயிலோவரிலும் அதே எண்ணைக் கேட்பார். தவறு. சக்கரத்தில் உணரப்படும் கடினம் என்பது ஸ்பிரிங்கின் எண்ணை மோஷன் ரேஷியோவின் (சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதன்) வர்க்கத்தால் பெருக்கியது. மேல் ஆர்மில் ரேஷியோ பாதி, அதன் வர்க்கம் கால், ஆக 600 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 150தான். கீழ் ஆர்மில் மாட்டிய காயிலோவருக்கு ரேஷியோ 0.7 என்று வைத்தால் வர்க்கம் 0.49, வெறும் 350 பவுண்டு ஸ்பிரிங்கே சக்கரத்தில் 170ஐத் தாண்டிவிடும். 600ஐ அங்கே போட்டால் 294 ஆகும், உட்வர்டில் ஒரு மைல் போவதற்குள் முதுகு போய்விடும். அதே மாற்றம் ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் பொருந்தும்: ஸ்பிரிங் மேல் ஆர்மில் இருந்தவரை வண்டியின் பாரத்தைச் சுமந்தது மேல் பால் ஜாயின்ட், கீழ் ஆர்முக்கு மாறியபின் சுமப்பது கீழ் பால் ஜாயின்ட். ஆட்டம் இருக்கிறதா என்று சோதிக்கும்போது ஜாக்கை வைக்கும் இடமும் மாறுகிறது, பழைய பழக்கத்தில் தவறான ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது.

தொட்டிலைப் பொருத்துவதற்கு முன்னால் டயர் வாங்கிவிடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் டயரின் உயரம் தெரிந்தால்தான் வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்று தெரியும், அந்த உயரத்தில் கீழ் ஆர்ம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கவேண்டும். வெல்டிங் செய்கிற வகையாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பின்னால் மாற்றமுடியாது. வண்டி மூக்கு தாழ்ந்து நிற்பது அழகு என்று பின்பக்கத்தை இரண்டு டிகிரி தூக்கி வைத்தால் அந்த இரண்டு டிகிரியும் கேஸ்டரில், அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வில், இருந்து போய்விடும். குறுக்குச் சட்டத்தை வைக்கும்போதே வண்டியை அதன் கடைசி நிற்பில் நிறுத்தி, லெவல் பிடித்து வைக்கவேண்டும்.

அப்புறம் கூடவே வருகிற சின்னச் சின்ன முட்டல்கள். கொயோட்டியின் இடது ஹெட் பிரேக் பூஸ்டர் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும், வேக்குவம் பூஸ்டருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட் போடுவது வழக்கம். ஸ்டீயரிங் ஷாஃப்ட் ஹெடர் குழாய்க்கும் ரயிலுக்கும் நடுவே நுழைந்து ரேக்குக்குப் போகவேண்டும், சில இடங்களில் மூன்று ஜாயின்ட்டும் நடுவில் ஒரு தாங்கு பேரிங்கும் இல்லாமல் முடியாது. ஆயில் சம்ப்பின் ஆழமான பகுதி குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறதா என்பதைக் கிட் விற்பவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய மஸ்டாங்கில் ஸ்டீயரிங் கம்பிகள் அச்சுக்குப் பின்னால் ஓடின, புது ரேக் பெரும்பாலும் முன்னால் வருகிறது. சம்ப்புக்கு எங்கே இடம் கிடைக்கிறது என்பது மொத்தமாக மாறிப்போகிறது.

மிஷிகனில் வருடா வருடம் வண்டியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை கிடையாது. நானே வெட்டி, நானே ஒட்டி, நானே சாலையில் இறக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் வேலை முடிந்தபின் சேஸிஸ் வேலையில் பழுத்த ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு போல்ட்டையும் வெல்டிங்கையும் பார்க்கச் சொல்வதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நிலைமை வேறு. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் அது அசல் வடிவில் இருக்கவேண்டும். பத்மினியிலோ அம்பாசடரிலோ கை வைப்பதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக அலைன்மென்ட். ஃபோர்டின் பழைய கையேட்டில் இருக்கும் எண்களை அலைன்மென்ட் கடையில் கொடுக்காதீர்கள். அவை அந்தக் காலத்துப் பயஸ் டயருக்கும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கைக் கையால் திருப்புவதற்கும் வகுத்தவை, கேஸ்டர் மிகக் குறைவு, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ரேடியல் டயருக்கு நான் சொல்வது கேஸ்டர் பாசிட்டிவ் 4 டிகிரி அளவில், பவர் ரேக் என்றால் 5 வரைகூடப் போகலாம், கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) நெகட்டிவ் அரையில் இருந்து ஒன்று, டோ உள்பக்கமாக மொத்தம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டையை வைத்து, டேங்கில் பாதி பெட்ரோலோடு அளக்கச் சொல்லுங்கள். முதல் 500 மைல் ஓடியபின் புஷ்களும் ஸ்பிரிங்கும் படிந்திருக்கும், தொட்டில் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் திரும்ப இறுக்கிவிட்டு அலைன்மென்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். கொயோட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள், வண்டியின் வருடத்தையும் டவரின் இப்போதைய நிலையையும் இரண்டு டவர்களுக்கும் இடையே மூலைக்கு மூலை அளந்த எண்களையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்தபின் எந்த வழி என்று பேசலாம்.